பெரியப்பாவின் காய்ச்சலும் ஒரு கோழிக் கதையும்

வணக்கம் மக்களே. பாம்பன் தென்கடல் பக்கம் நிற்கிறேன். கச்சான் காற்று அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கள் வீட்டு போர் பைப்பில் அறுத்த துண்டு. உள்ளே பாருங்கள், உப்புப் படிந்து சுண்டுவிரல்கூட நுழையவில்லை. பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது ஊரே இதைத்தான் சொன்னது: "ரத்தக்குழாயும் இப்படித்தான் அடைக்கும்." நானும் தலையாட்டினேன். பாதிதான் சரி. பைப்புக்கு உயிர் கிடையாது, ரத்தக்குழாய்க்கு உண்டு. கொழுப்பு சேர்வது அதன் சுவருக்குள்ளே. அதை விழுங்கப் போன வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி அங்கேயே உப்பிக் கிடக்கும். ஆறாத புண் மாதிரி. உடம்பில் வேறெங்கோ வைரஸ் புகுந்தாலும் இந்தப் புண்ணும் சேர்ந்து கனலும். மேல்தோல் கிழிந்தால் ரத்தம் உறைந்து அடைத்துவிடும்.

பெரியப்பாவுக்கு ஐந்து நாள் ஃப்ளூ. காய்ச்சல் விட்ட மறுநாளே கடலுக்குப் போய், வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல்தான் காரணமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இவர் ஒருத்தரை வைத்துச் சொல்ல முடியாது தம்பி, பீடியும் இருக்கு, சுகரும் இருக்கு" என்றார். நியாயம்தான். ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2018இல் வந்தது. ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிடச் சுமார் 6 மடங்கு.

அது திடீர் அடைப்பு. குழாய் தடிப்பதையே வைரஸ் தொடங்கிவைக்குமா? இங்கேதான் கோழி வருகிறது. 1978இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோழிகளுக்கு மாரெக் என்ற கோழி நோயின் வைரஸை ஏற்றினார்கள். கொழுப்புத் தீவனமே தராத கோழிகளுக்கும் மனிதனுக்கு வருவதுபோல ரத்தக்குழாய் தடித்தது. தடுப்பூசி போட்ட கோழிகள் தப்பித்தன என்று பிறகு காட்டினார்கள்.

மனிதனில் அவ்வளவு தெளிவில்லை. 2023இல் கோவிட் வைரஸை இதயக் குழாயின் கொழுப்புத் திட்டிலேயே கண்டார்கள். ஆனால் திருட்டு நடந்த வீட்டில் நின்றவனெல்லாம் திருடனா? முன்பு கிளமிடியா என்ற பாக்டீரியா மீது இப்படித்தான் சந்தேகம். 4,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு ஓராண்டு ஆன்டிபயாடிக் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை.

ஃப்ளூ தடுப்பூசி வேறு கதை. மாரடைப்பு வந்தவர்களுக்கு உடனே போட்டதில் சாவு குறைந்தது, 2021 ஆய்வு. இதையெல்லாம் சொல்லித்தான் பெரியப்பாவைக் கூட்டிப்போனேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்டார்: "கோழிக்குப் போடுறதையாடா எனக்கும் போடுறாங்க?"