பெட்டகம் வெறுமையானால்: வேட்டைத் துவக்கையும் ரவையையும் மறுபடியும் தெரிவு செய்தல்

[திரையில்: கதவு திறந்த, வெறுமையான இரும்புப் பெட்டகம்]

வணக்கம். 1980களின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்து, அங்கேயே குடும்பமாகிவிட்ட நம்மவர்களில் சிலர், இலையுதிர் காலம் வந்தால் அயலவரோடு சேர்ந்து எல்க் வேட்டைக்குப் போகிறார்கள். எல்க் என்பது மான் இனத்திலேயே மிகப் பெரிய விலங்கு; கனடாவில் இதை மூஸ் என்பார்கள். அவர்களில் ஒருவர், சேர்த்து வைத்திருந்த துவக்குகள் அனைத்தையும் விற்றுவிட்டு மறுபடியும் தொடங்குவதானால் எதை வாங்குவது என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கான விளக்கமே இது.

உள்ளூரில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தத் துவக்கையும் வைத்திருக்க முடியாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் காக்கிறது. ஆகவே இனி வரும் பேச்சு முழுவதும், வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் உரிய அனுமதியோடு வாழ்பவர்களுக்கு உரியது.

துவக்குச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் துவக்கின் அழகில் மயங்கி முதலில் அதை வாங்கிவிட்டு, அதற்குள் போகும் ரவையைப் பற்றிப் பின்னர்தான் யோசிக்கிறார்கள். அதனால் சில வருடங்களில் பெட்டகத்தில் ஆறு துவக்குகளும், ஒன்றுக்கொன்று பொருந்தாத ஆறு வகை ரவைகளும் சேர்ந்து, எதிலும் கை நன்றாகப் பழகாத நிலை ஏற்படுகிறது. நோர்வேயில் ஒரு வேட்டைக்காரருக்கு எட்டுத் துவக்குகள் வரை அனுமதி கிடைக்கும் என்றாலும், எட்டு என்பது எட்ட வேண்டிய இலக்கு என்று யாரும் சொல்லவில்லை. என் எண்ணத்தில் மூன்று போதும். அந்த மூன்றையும் ரவையிலிருந்து தொடங்கித் தெரிவு செய்ய வேண்டும்.

[திரையில்: மேசையில் நிமிர்த்தி வைத்த நான்கு ரவைகள், பக்கத்தில் அளவுகோல்]

முதலில் அடிப்படை. ரவை என்பது சன்னம், மருந்து, கோது மூன்றும் சேர்ந்தது: பறந்து செல்லும் முனை சன்னம், மருந்தை அடக்கிய பின் உறை கோது. கலிபர் என்பது ஏறத்தாழக் குழலின் உள்விட்டம். ஆனால் அந்த எண் மட்டும் ரவையை அடையாளம் காட்டிவிடாது. .308 வின்செஸ்டரும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டும் ஒரே 7.82 மில்லிமீற்றர் சன்னத்தையே ஏவுகின்றன. முன்னதன் கோது 51 மில்லிமீற்றர் நீளம், பின்னதன் கோது 63 மில்லிமீற்றர் நீளம். பின்னதன் பெயரில் உள்ள 06 என்பது அமெரிக்க இராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906ஐக் குறிக்கிறது. இவ்வாறு ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு வழியில் வந்ததால், குழலில் பொறித்திருக்கும் முழுப் பெயரும் ரவைப் பெட்டியில் உள்ள முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே ரவையை உள்ளே செலுத்த வேண்டும்.

இப்போது எல்க்குக்கு வருவோம். நம் வன்னிக் காட்டு மரையை விடப் பெரிய விலங்கு அது. காயத்தோடு ஓடவிடாமல் விரைவாக வீழ்த்த வேண்டும் என்பதற்காக நோர்வேச் சட்டம் ரவைக்கே ஓர் அளவு வைத்திருக்கிறது. சன்னம் உடலில் பட்டு விரியும் வகையைச் சேர்ந்ததாகவும் குறைந்தது 9 கிராம் நிறையுள்ளதாகவும் இருக்க வேண்டும். 9 முதல் 10 கிராம் வரை உள்ள சன்னம் 100 மீற்றர் தூரத்தில் 2,700 ஜூல் சக்தியைக் கொண்டிருக்க வேண்டும். 10 கிராமுக்கு மேற்பட்டதற்கு 2,200 ஜூல் போதும். இந்தச் சிறிய விதியை வைத்துக்கொண்டு கடைத்தட்டைப் பார்த்தால், புகழ்பெற்ற பெயர்கள் பல வேறு முகம் காட்டுகின்றன.

உதாரணமாக, 1925இல் வெளிவந்த .270 வின்செஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 130 கிறெயின் சன்னம். ஒரு கிறெயின் 0.0648 கிராம் என்பதால் அது 8.4 கிராம் மட்டுமே. எவ்வளவு வேகமாகப் போனாலும் நோர்வேயில் எல்க்குக்கு அது ஆகாது. அதே துவக்கில் 150 கிறெயின், அதாவது 9.7 கிராம் சன்னத்தைப் போட்டால் தடையில்லை. 1955இல் வந்த .243 வின்செஸ்டரின் வழக்கமான 100 கிறெயின் சன்னமோ 6.5 கிராம், சிறிய மான்களுக்கு நல்லது, எல்க் பட்டியலில் அதற்கு இடமில்லை.

மிகவும் சுவையானது 6.5×55இன் கதை. சுவீடனும் நோர்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்தபோது இரு நாட்டு இராணுவங்களுக்குமாகச் சேர்ந்து உருவாக்கிய ரவை இது. நோர்வே 1894இல் ஏற்றுக்கொண்ட கிராக்-யோர்கென்சன் துவக்கு இதற்காகவே அமைந்தது. இதில் 140 கிறெயின் சன்னம் 9.1 கிராம்; 100 மீற்றரில் 2,700 ஜூலை எட்டுவது அதற்குக் கடினம். 156 கிறெயின் சன்னமோ 10.1 கிராம். வேகம் சற்றுக் குறைந்தாலும் 10 கிராம் எல்லையைத் தாண்டிவிடுவதால் 2,200 ஜூல் விதிக்குள் வந்து, அந்த அளவை இலகுவாகக் கடந்துவிடுகிறது. ஒரே துவக்கு, ஒரே கோது, ஒரு கிராம் வேறுபாடு. ஒன்று தகாது, மற்றது தகும். அந்த நீண்ட சன்னத்தைத் தடுமாறாமல் சுழற்றி அனுப்புவதற்காகவே பழைய 6.5 குழல்களின் உட்புறத்தில் சுருளாக ஓடும் புரி 200 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்று என்ற இறுக்கத்தில் வெட்டப்பட்டது. சுடும்போது தோளில் படும் பின்னுதைப்பு மென்மையாக இருப்பதால் மெல்லிய உடல்வாகு உள்ளவர்களும் இதை அஞ்சாமல் சுடலாம்.

இருந்தாலும் முதல் துவக்குக்கு நான் சொல்வது .308. 1952இல் வேட்டைக்காரரிடம் வந்த ரவை இது; 1954இல் நேட்டோ இராணுவக் கூட்டணி ஏற்றுக்கொண்ட ரவைக்கு நெருங்கிய உறவு. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும்; 11.7 கிராம் சன்னம் இரண்டு விதிகளையும் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குச் சக்தியுடையது. நோர்வேயில் வேட்டைக்காரர்கள் ஒலிக்குறைப்பியைச் சாதாரணமாகப் பாவிக்கிறார்கள். அதைப் பூட்டினால் துவக்கு நீண்டுவிடும் என்பதால் 50 சென்ரிமீற்றர் அளவிலான குட்டைக் குழல் வசதியானது. .308இன் மருந்து அந்த நீளத்துக்குள் பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது. .30-06 வைத்திருப்பவர் அதை மாற்ற வேண்டியதில்லை. புதிதாக வாங்குபவருக்கு அதன் கூடுதல் நீளம் தரும் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 30 மீற்றர்தான்.

கூடுதல் மருந்தோடு கூடுதல் சக்தி தரும் மக்னம் வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1963இல் வந்த .300 வின்செஸ்டர் மக்னத்தின் பின்னுதைப்பு .308ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. தோளில் வாங்கும் அடிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவருக்கு அந்த மேலதிக சக்தியால் ஒரு பயனும் இல்லை.

[திரையில்: உள்ளங்கையில் .22 ரவை ஒன்றும், பன்னிரண்டு போர்த் தோட்டா ஒன்றும்]

இரண்டாவது துவக்கு .22 லோங் றைபிள். 1887ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் ரவை, சன்னம் 2.6 கிராம், பெரிய விலங்குக்கு எள்ளளவும் உதவாது. ஆனால் நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குப் போக ஒவ்வொரு வருடமும் 30 பயிற்சிச் சூடுகளும், 100 மீற்றரில் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஐந்து சூடுகளும் என்ற தேர்வு உண்டு. அந்த 30 சூடுகளோடு நிறுத்திக்கொள்பவரின் கை பழகாது. மலிவான .22இல் நூற்றுக்கணக்கில் சுட்டு மூச்சையும் விரலையும் பழக்கியவருக்குத் தேர்வு நாள் சாதாரண நாளாகிவிடும். இந்தத் துவக்கின் பிடங்கு, விசையின் இறுக்கம், பூட்டை இழுக்கும் முறை ஆகியன பெரிய துவக்கை ஒத்திருந்தால் பழக்கம் அப்படியே மாறும்.

மூன்றாவது, சிறு குண்டுகளைச் சிதறிச் சுடும் துவக்கு, நம் ஊர் முதியவர்களுக்கும் பெயர் தெரிந்த பன்னிரண்டு போர். போர் என்பது இங்கே குழலின் அகலத்தைக் குறிக்கும் அளவு. ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக அடங்குமோ அதுவே பன்னிரண்டு போர். மீன்வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் பெரிய ஈயக்குண்டைப் போன்ற 18.5 மில்லிமீற்றர் உருண்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எண் கூடக் குழல் சிறுக்கும். இருபது போர் பன்னிரண்டை விட ஒடுக்கமானது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இருபது போர்த் தோட்டா தவறிப் பன்னிரண்டு போர்க் குழலுக்குள் விழுந்தால் சிறிது தூரம் வழுக்கிப் போய் நடுவில் சிக்கி நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். இருபது போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் ஒதுக்கப்பட்டிருப்பது இதனால்தான். பழைய சேர்க்கையில் இரண்டும் இருந்திருந்தாலும், புதிய பெட்டகத்தில் ஒரே போரை வைத்துக்கொள்ளுங்கள்.

துவக்கின் உற்பத்தியாளரைப் பற்றிப் பலர் மணிக்கணக்கில் வாதிடுவார்கள். பின்லாந்தின் றீஹிமாக்கியில் ஒரே தொழிற்சாலையில் உருவாகும் சாக்கோவும் ரிக்காவும் விலையில் வேறுபட்டாலும், குறிதவறாமையில் எல்க் கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு இல்லை. மிஞ்சும் பணத்தைத் துவக்கின் மேல் பூட்டும் தொலைநோக்கியில் போடுங்கள். செப்டெம்பர் இறுதியின் மங்கிய காலையில் துவக்கின் விலையால் எதுவும் தெரியாது, கண்ணாடியின் தரத்தால் தெரியும்.

கனடாவில் இருப்பவர்கள் பழைய லீ-என்பீல்ட் .303ஐப் பற்றியும் கேட்கிறார்கள். அந்த நாட்டின் தொலைதூரப் பகுதிகளைக் கண்காணிக்கும் இராணுவப் பிரிவான ரேஞ்சர்கள் அதைப் பல தசாப்தங்கள் தூக்கித் திரிந்து, பின்னர் .308க்கு மாறினார்கள். மனத்துக்குப் பிடித்திருந்தால் நான்காவதாக வாங்குங்கள். ஆனால் அதன் சன்னம் .308இன் சன்னத்தை விடச் சிறிது பருமனானது என்பதால் இரண்டு ரவைகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

[திரையில்: 100 மீற்றர் இலக்குத் தாள், மூன்று மூன்றாகத் துளைகள்]

.308 கைக்கு வந்ததும், ஒரே வகை ரவையைப் பெருமளவில் கொள்வனவு செய்து குவிக்க வேண்டாம். ஒவ்வொரு குழலுக்கும் பிடித்த சன்னம் வேறு. மூன்று உற்பத்தியாளர்களின் பெட்டிகளில் ஒவ்வொன்று வாங்கி, தாங்கியில் துவக்கை வைத்து, 100 மீற்றரில் ஒவ்வொன்றிலும் மூன்று சூடுகள் சுடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் இடையில் குழலைக் கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறவிடுங்கள். துளைகள் எந்த வகையில் நெருக்கமாக விழுகின்றனவோ அந்தப் பெட்டியின் தொகுதி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதே தொகுதியில் அந்தப் பருவத்துக்குப் போதுமானதை வாங்கி, தொலைநோக்கியை அதற்கென்றே சீர்செய்யுங்கள்.