விரலுக்குத் தகுந்த வீக்கம்

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் இசைப்பள்ளி முதல்வர் அவர்களே, அரங்கத்தையும் பியானோவையும் கட்டணமின்றித் தந்து, காலையிலேயே ஆள் வரவழைத்துச் சுருதியும் கூட்டிவைத்த தாளாளர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

இன்றைய தலைப்பு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'லா வால்ஸ்', அதாவது 'வால்ட்ஸ்' என்னும் மூன்றடி நடன இசை. 1920-ல் முடித்த ஆர்கெஸ்ட்ரா படைப்பு, பெரிய வாத்தியக் குழுவுக்கானது. தனிப் பியானோவுக்கும் அவரே எழுதித் தந்திருக்கிறார். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும்: பியானோவில் எதை விடுவது, நடுங்கும் ஒலியையும் நீளும் ஒலியையும் எப்படிக் கொடுப்பது, எல்லா வாத்தியங்களின் வரிகளும் அடங்கிய முழு ஸ்கோர் நமக்கு ஏன் வேண்டும்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். பியானோக்காரருக்கென்றே பிறந்த பழமொழி அது. இந்தப் பதிப்பில் சில இடங்களில் கைக்கொன்றாக இரண்டு ஸ்டேவ் (சுரம் எழுதும் ஐந்து கோட்டு வரி) போக மூன்றாவதாக ஒன்று சின்ன எழுத்தில் ஓடும். இரண்டு கைக்குள் அடங்காத ஆர்கெஸ்ட்ரா வரிகள் அவை. எல்லாவற்றையும் வாசிக்கப் போனால் இடது கை கீழே பாஸுக்கு, அதாவது அடித்தளச் சுரத்துக்கு, இறங்க நேரமிருக்காது. முதல் அடி பிந்தும், வால்ட்ஸ் நொண்டும். முதலில் பாஸையும் மெட்டையும் இரண்டு நிறப் பென்சிலால் கோடிடுங்கள். இவை தடையில்லாமல் ஓடிய பிறகு, மூன்றாவது வரியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு குரலைச் சேருங்கள். முதல் அடி பிந்துகிறதா? சேர்த்ததை எடுத்துவிடுங்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம்!

படைப்பின் தொடக்கத்தில், வயலின் போல வில்லால் வாசிக்கும் பெரிய வாத்தியமான டபுள் பாஸ்கள், ஒலியைத் தணிக்கும் ம்யூட் போட்டு மெல்ல நடுங்கும். பியானோவில் அது எளிதில் இரைச்சலாகிவிடும். கீழ்க் கம்பிகளின் மேற்சுரங்கள் (ஒவ்வொரு சுரத்தோடும் கூடவே எழும் உயர் ஒலிகள்) ஒன்றோடொன்று மோதும், ஒலியை நீட்டும் கால்மிதியான பெடலை முழுதும் அழுத்தினால் அது அத்தனையையும் தேக்கிவைக்கும். ஆகவே பெடல் பாதிதான். விரல் கட்டையை விட்டு எழக் கூடாது. முன்கைதான் புரள வேண்டும். கம்பிகள் படுத்திருக்கும் கிராண்ட் பியானோவில் கட்டை பாதி எழுந்தாலே மறுபடி ஒலிக்கும். கம்பிகள் நிமிர்ந்திருக்கும் அப்ரைட் பியானோவில் ஏறக்குறைய முழுதும் எழ வேண்டும், அதனால்தான் அதில் இந்த நடுக்கத்தின், அதாவது ட்ரெமலோவின், சுரங்கள் நடுநடுவே விழுந்துபோகின்றன.

ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ன் என்னும் ஊதுவாத்தியத்தின் நீளும் ஒலிக்கு வருவோம். பியானோ சுரம் தட்டிய கணமே தேயத் தொடங்கும். சுற்றியுள்ள சுரங்களைத் தணித்து வாசித்தால் அது நீள்வதாகவே காதுக்குப் படும். தேய்ந்தே போனால் வலுவில்லாத அடியில் மெல்ல மறுபடி தட்டலாம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1836, பாரிஸ். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறார். அவருடைய 'சிம்பொனி ஃபந்தாஸ்டிக்'கில் கைதியைக் கொலைக்களத்துக்கு நடத்திச் செல்லும் அணிவகுப்பு. டிரம் உருள்கிறது, பித்தளை வாத்தியங்கள் முழங்குகின்றன, முடிகிறது. உடனே பியானோ மேதை லிஸ்ட் எழுந்து வந்து பியானோ முன் அமர்கிறார். அதே பகுதி, இப்போது ஒரே ஆள், பத்தே விரல். இத்தனை பேர் முழங்கி ஓய்ந்த மேடையில் ஒருவர் தனியாக என்ன செய்துவிட முடியும்? ஆர்கெஸ்ட்ராவையே விஞ்சிவிட்டது, அரங்கம் கொந்தளித்தது என்று எழுதிவைத்தவர் பியானோக் கலைஞர் சார்ல்ஸ் ஹாலே. பின்னாளில் மான்செஸ்டரில் ஆர்கெஸ்ட்ரா நிறுவிய அதே ஹாலே!

அதற்கு முந்தைய ஆண்டு, அந்தச் சிம்பொனிக்கு ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் நீண்ட விமர்சனம் எழுதினார். கையில் இருந்தது லிஸ்டின் பியானோ வடிவம் மட்டுமே. முழு ஸ்கோர் 1845-ல்தான் அச்சானது. ஷூமனுக்குக் கிடைக்காத ஸ்கோர் நமக்குக் கிடைக்கும். ஆனால் நம் நூலகத்தில் எங்கே இருக்கிறது? பியானோ தாளில் எல்லாச் சுரமும் ஒரே கறுப்பு. 'லா வால்ஸ்' தொடக்கத்தில் மெட்டின் முதல் துணுக்குகளைக் கொண்டுவருவது பாஸூன் என்னும் தாழ்ந்த குரல் மரக்குழல் என்று ஸ்கோர்தான் சொல்லும். அது தெரிந்த பிள்ளையின் தொடுகையே வேறு. தெரியாத பிள்ளை எதை விடுவது, எதை வைப்பது என்று எப்படி முடிவெடுக்கும்?

நூலக அலுவலர் அவர்களே, நாங்கள் கேட்பது ஒரே ஒரு அலமாரி. 'லா வால்ஸ்', பெத்தோவனின் ஒன்பது சிம்பொனிகள், இவற்றின் முழு ஸ்கோர்; பக்கத்திலேயே லிஸ்ட் எழுதிய அந்த ஒன்பதின் பியானோ வடிவம். இரண்டையும் விரித்து ஒப்பிட அகலமான மேசை ஒன்று. கோரிக்கை மனு வாசலில் இருக்கிறது. பெற்றோர்கள் கையெழுத்திட்டுவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.