வரைபடத்தை விரிச்சு தண்டவாளம் போடலாம் வாங்க: போத்தனூர் – பொள்ளாச்சி பாதை

[திரை: போத்தனூர் ஜங்ஷன், மேலிருந்து எடுத்த படம். தெற்கே பிரிந்து தென்னந்தோப்புகளுக்குள் போகும் தண்டவாளம்.]

வணக்கமுங்க. திரையில தெரியறது போத்தனூர்ல இருந்து கிணத்துக்கடவு வழியா பொள்ளாச்சி போற பாதை. சுமார் 40 கிலோமீட்டர். 1915-ல மீட்டர் கேஜா வந்தது, 2017-ல அகலப்பாதையா மறுபடி திறந்தது. இதைத்தான் நான் ட்ரெயின்ஸ் சிமுலேட்டர்ல, அதாவது கணினியில ரயில் பாதை கட்டி ஓட்டற விளையாட்டுல, கட்டிக்கிட்டு இருக்கேன். வெறும் பச்சைத் தரையைப் பாத்துட்டு "எங்கிருந்து ஆரம்பிக்கறது"ன்னு உக்காந்திருக்கறவங்களுக்காக இந்த வீடியோ.

வழி ரொம்ப எளிமையானது. அந்த இடத்தோட வரைபடத்தையோ செயற்கைக்கோள் படத்தையோ துண்டு துண்டா வெட்டி, சிமுலேட்டர் தரை மேல பாய் விரிச்ச மாதிரி விரிக்கணும். அதுல தெரியற தண்டவாளத்து மேலயே நம்ம தண்டவாளத்தைப் போட்டுக்கிட்டே போகணும். கோலம் போடறவங்க முதல்ல புள்ளி வைக்கறாங்களே, அந்தப் புள்ளிதான் இந்தப் படம். புள்ளி தப்பா விழுந்தா அதுக்கப்புறம் எவ்வளவு அழகா இழுத்தாலும் கோலம் கோணும். அதனால இந்த வீடியோவுல பாதி நேரம் புள்ளி வைக்கறதைப் பத்தியேதான் பேசப் போறேன்.

[திரை: ட்ரெயின்ஸில் பாதை கட்டும் சர்வேயர் சன்னல். ஒரே ஒரு சதுரத் தரை.]

ட்ரெயின்ஸ்ல தரை சதுரம் சதுரமா வரும். ஒவ்வொண்ணும் 720 மீட்டருக்கு 720 மீட்டர், பேரு பேஸ்போர்டு. அதே அளவுல ஒரு தட்டையான தகடு செஞ்சு, அதும்மேல படத்தை ஒட்டி, ஒரு சாதாரண பொருள் மாதிரி தரையில வெச்சுடலாம். நாலு மூலையும் பேஸ்போர்டோட நாலு மூலையில உக்காரணும். ஓப்பன் ரெயில்ஸ்ங்கற இன்னொரு சிமுலேட்டர்ல கட்டறவங்களுக்கு ஒரு டைல், அதாவது ஒரு சதுரம், 2048 மீட்டர். அளவு மட்டும்தான் மாறும், மத்தபடி வேலை ஒண்ணுதான்.

படம் 1024 பிக்சல்ல இருந்தா ஒரு பிக்சலுக்கு 70 சென்டிமீட்டர் வரும். அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், அதாவது ரெண்டரை பிக்சல் கூட இல்ல. தண்டவாளம் ஒரு மங்கின கோடாத்தான் தெரியும். 2048 பிக்சல்னா 35 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட அஞ்சு பிக்சல். ஆனா நினைவகம் நாலு மடங்கு தின்னும். நான் ஸ்டேஷன் யார்டுக்கு மட்டும் 2048 வெக்கறேன், நடுவுல தோப்புக்குள்ள ஓடற இடத்துக்கெல்லாம் 1024 போதும்.

[திரை: இரண்டு கோடுகள். ஒன்று பொள்ளாச்சி ஸ்டேஷனில் முடிகிறது. மற்றொன்று அதைத் தாண்டித் தெற்கே போய் நிற்கிறது.]

இப்ப முக்கியமான இடம். இதுல ஒரு மாச வேலை எனக்குப் போயிருக்கு. முதல் தடவை கட்டும்போது, இணைய வரைபடத்தோட ஜூம் 18-ல ஒரு பிக்சல் 0.597 மீட்டர்னு படிச்சிருந்தேன். அதை அப்படியே நம்பி வெட்டி ஒட்டிட்டேன். போத்தனூர்ல எல்லாம் கச்சிதமா உக்காந்துச்சு. கிணத்துக்கடவு தாண்டி, பொள்ளாச்சி வந்து ஸ்டேஷனோட உண்மையான ஆயத்தொலைவை வெச்சுப் பாத்தா, நம்ம ஸ்டேஷன் 700 மீட்டர் தெற்கே தள்ளி நிக்குது.

ஏன்னு சொல்றேன். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் முறையில வரையறாங்க. பூமத்தியரேகையை விட்டு வடக்கேயோ தெற்கேயோ போகப் போக அந்தப் படம் இழுபட்டுப் பெருசாகும். 0.597 மீட்டர்ங்கறது பூமத்தியரேகைக்கு உண்டான கணக்கு. நம்ம ஊரு அதுக்குக் கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கே இருக்குது. இங்க அதே பிக்சல் 0.586 மீட்டர்தான். வித்தியாசம் ரெண்டு சதவீதம் கூட இல்ல. ஒரு ஸ்டேஷன் யார்டுக்குள்ள அது கண்ணுக்கே படாது. 40 கிலோமீட்டர் போனதுக்கப்புறம் அதே வித்தியாசம் ஒரு முழு பேஸ்போர்டா வளந்து நிக்கும்.

இதுக்குத் தீர்வு க்யூஜிஐஎஸ். வரைபட வேலைக்கான இலவச மென்பொருள். படத்தை அதுல ஏத்தி, தூரத்தை மீட்டர்லயே அளக்கற யூடிஎம் முறையில மண்டலம் 43 வடக்குக்கு மாத்துங்க, மென்பொருள்ல அதோட எண் 32643. மாத்தினதுக்கப்புறம்தான் 720 மீட்டர் கட்டம் போட்டு வெட்டணும். போத்தனூர்ல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் வர்ற பிழை அப்ப பத்து மீட்டருக்குள்ள அடங்கிடும். ஈரோட்டுல இருந்து கரூர் பாதையோ சேலம் பாதையோ கட்டறவங்க மட்டும் ஒண்ணு கவனிக்கணும். 78 டிகிரி தீர்க்கரேகையில மண்டலம் 43 முடிஞ்சு 44 ஆரம்பிக்குது. கரூரும் சேலமும் அந்தப் பக்கம். பாதையோட நடுவுல மண்டலத்தை மாத்தாதீங்க, ஏதாவது ஒண்ணையே கடைசி வரைக்கும் வெச்சுக்கோங்க.

[திரை: சர்வே தாள். ஓரத்தில் மடிப்பு, நடுவில் ரயில் கோடு.]

பழைய மீட்டர் கேஜ் காலத்தைக் கட்டணும்னு ஆசைப்படறவங்களுக்கு இந்திய சர்வே துறையோட 1:50,000 தாள்கள் பொக்கிஷம். ஒவ்வொரு தாளும் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம், அதாவது கால் டிகிரிக்குக் கால் டிகிரி. நம்ம பாதை 77 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டியே போகுது, அதுதான் தாளோட எல்லையும். போத்தனூர் ஒரு தாள், கிணத்துக்கடவு பக்கத்துத் தாள். அதனால ஓரத்து வெள்ளையை எல்லாம் வெட்டி எடுத்துட்டு ஒட்டுப் போட்டே ஆகணும். இன்னொண்ணு, பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம்ங்கற பூமி வடிவக் கணக்கை வெச்சு வரைஞ்சது. நம்ம போன் ஜிபிஎஸ் வெச்சுக்கறது டபிள்யூஜிஎஸ் 84-ங்கற வேற கணக்கு. தாளோட ஓரத்துல அச்சடிச்ச எண்களை அப்படியே போன் ஜிபிஎஸ் எண்ணா எடுத்துக்கிட்டா படம் தள்ளித்தான் உக்காரும். அப்பவும் இப்பவும் மாறாத பொருள்களைப் பிடிச்சுக் கட்டுப்பாட்டுப் புள்ளி, அதாவது படத்தை உண்மையான இடத்தோட சேத்துக் கட்டற புள்ளி, வைங்க.

எது மாறாது? ரோடும் ரோடும் வெட்டிக்கற இடம், லெவல் கிராசிங், வாய்க்கால் பாலத்தோட மூலை. மரம் வேண்டாம், குளத்துக்கரை வேண்டாம். கிணத்துக்கடவு பொன்மலை வேலாயுதசாமி கோயில் எங்கிருந்து பாத்தாலும் கண்ணுல படும், அதையே புள்ளியா வெக்கத் தோணும். செயற்கைக்கோள் படத்துல அதை வெக்காதீங்க. கேமரா நேர்கீழா பாக்காம கொஞ்சம் சாஞ்சு எடுத்திருந்தா, உயரமா இருக்கறது எல்லாம் படத்துல ஒரு பக்கம் சாஞ்சுதான் விழும். தரை மட்டத்துல இருக்கறதுதான் புள்ளி. மூணு புள்ளி போதும்னு மென்பொருள் சொல்லும். நான் எட்டுப் புள்ளியாவது வெப்பேன். எல்லாத்தையும் ஒரே பக்கம் குமிக்காம நாலா பக்கமும் பரப்பி வைங்க.

[திரை: ஒரு தகட்டின் நெருக்கமான காட்சி. நடைமேடைக் கூரை, மேற்கே விழுந்த கறுப்பு நிழல், நிழலுக்குள் மறைந்த தண்டவாளம்.]

இதை நல்லா கிட்டப் போய்ப் பாருங்க. படம் எடுக்கற செயற்கைக்கோள் பலதும் காலையில பத்தரை மணி வாக்குலதான் நம்ம தலைக்கு மேல வரும். வெயில் கிழக்கே, நிழல் மேற்கே. நம்ம பாதை வடக்கு தெற்கா ஓடறதால, கிழக்குப் பக்கத்துத் தென்னை நிழல் நேரா தண்டவாளத்து மேலயே விழுது. கண்ணு என்ன செய்யுதுன்னா, நிழலோட விளிம்பையே தண்டவாளம்னு நினைச்சுக்குது. அந்த விளிம்புலயே போட்டுக்கிட்டுப் போனா ரெண்டு மூணு மீட்டர் விலகிடும், நேரா போற பாதை பாம்பு மாதிரி நெளியும். நிழல் இல்லாத ரெண்டு இடத்தைப் பிடிச்சு, நடுவுல நேரா இழுத்துடுங்க. ரயில் பாதை காரணமில்லாம வளையாது. வளையற மாதிரி தெரிஞ்சா முதல்ல படத்தைச் சந்தேகப்படுங்க.

உயரத்துக்கு வருவோம். படம் உயரத்தைச் சொல்லாது. அதுக்கு 2000 பிப்ரவரியில விண்கலத்துல இருந்து ரேடார் வெச்சு அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இருக்குது, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ட்ரான்ஸ்டெம்ங்கற கருவி அந்த உயரத்தையும் வரைபடத்தையும் சேத்து ட்ரெயின்ஸ் தரையாவே மாத்திக் குடுத்துடும். ஆனா அந்த ரேடார் தோப்புல பட்டா மண்ணு வரைக்கும் முழுசா இறங்காது, பாதி தென்னை உச்சியையே அளந்துட்டு வந்துடும். பொள்ளாச்சி பக்கத்துல தோப்பு இருக்கற இடமெல்லாம் சின்னச் சின்ன மேடா எழும்பி நிக்கறது அதனாலதான். அதுக்கு மேல அப்படியே தண்டவாளம் போட்டா இஞ்சின் ஏறி ஏறி இறங்கும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் உயரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, நடுவுல சீரான சரிவு குடுத்து, தரையைத் தண்டவாளத்துக்குச் சமமா இழுத்துவிடுங்க.

சமவெளியில தகடைக் கொஞ்சம் தூக்கி வெச்சா வேலை முடிஞ்சது. மேட்டுப்பாளையம் குன்னூர் மலைப்பாதைக்கு அது ஆகாது. அங்க பல்சக்கரப் பகுதியில சரிவு 12-க்கு 1. ஒரு பேஸ்போர்டைக் கடக்கறதுக்குள்ள பாதை 60 மீட்டர் கிட்ட ஏறிடும். தட்டையான தகடு ஒரு முனையில மண்ணுக்குள்ள புதைஞ்சு, மறுமுனையில அந்தரத்துல தொங்கும். அங்க படத்தைத் தரை மேலயே படிய வெக்கற முறைதான் சரி. அது தனி வீடியோவா வரும்.

[திரை: தகடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பச்சைத் தரையில் தண்டவாளம் மட்டும்.]

தண்டவாளம், ரோடு, வாய்க்கால் எல்லாம் போட்டு முடிச்சதும் தகடுகளை எடுத்துடுங்க. அந்தப் படத்தையே தரையா விட்டுடறவங்க இருக்காங்க. மேல இருந்து பாத்தா அழகாத்தான் இருக்கும். ஓட்டுநர் இருக்கையில உக்காந்து பாத்தா, தென்னை மரமெல்லாம் தரையில நசுங்கிப் படுத்திருக்கும். பாதையை மத்தவங்களுக்குக் குடுக்கும்போதும் செயற்கைக்கோள் படத்தைச் சேத்து ஏத்தாதீங்க, அது நம்ம சொத்து இல்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைப் பாத்துப் போட்டிருந்தா அவங்க பேரைக் கட்டாயம் குறிப்பிடணும்.

எனக்கு ஒரு உதவி வேணுங்க. செயற்கைக்கோள் படத்துல தெரியறதெல்லாம் இன்னிக்கு இருக்கற அகலப்பாதை. மீட்டர் கேஜ் காலத்து கிணத்துக்கடவு ஸ்டேஷன், அந்தப் பழைய நடைமேடை, தண்ணித் தொட்டி, சிக்னல் கம்பம், இதுல எது உங்க வீட்டு ஆல்பத்துல இருந்தாலும், ஓரமா லேசா தெரிஞ்சாக்கூடப் போதும், கீழ எழுதுங்க. கூடவே எந்தப் பக்கம் நின்னு எடுத்ததுன்னும் சொல்லுங்க.