செய்தி சொன்னதா, தண்டோரா போட்டதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததை வானொலி செய்தியாகச் சொன்னதா, தண்டோராவாகப் போட்டதா என்பது தலைப்பு. நாங்கள் தண்டோரா அணி. தண்டோரா போடுகிறவன் குரலில் குறை இருக்காது. ஆனால் என்ன சொல்வது, எப்போது சொல்வது என்பது அவன் கையில் இல்லை. எங்கள் வாதம் அவ்வளவுதான்.

எனக்கு முன் பேசிய நண்பர், பி.பி.சி. செய்தியாளர்கள் போர்முனைக்குத் தூக்கிப்போன ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றி உருகி உருகிப் பேசினார். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. எடை சுமார் 18 கிலோ. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிடம் பதியும். ஆனால் பதிந்த தட்டு நேராக டிரான்ஸ்மிட்டருக்கா போயிற்று? நடுவில் ராணுவத் தணிக்கை அதிகாரி உட்கார்ந்திருந்தாரே, அவரை ஏன் நண்பர் விட்டுவிட்டார்? அது கிடக்கட்டும். போர் நடந்ததை எப்படிச் சொன்னார்கள் என்பதல்ல இங்கே வழக்கு. முடிந்ததை எப்படிச் சொன்னார்கள் என்பதுதான்.

1945 மே 7, அதிகாலை 2.41. பிரான்சின் ரீம்ஸ் நகரில், நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் தலைமையகமாக இருந்த பள்ளிக்கூடத்தில், ஜெர்மனிக்காகத் தளபதி யோடல் சரணடைவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். பக்கத்திலேயே 17 செய்தியாளர்கள். ஆனால் மூச்சு விடக்கூடாது என்று வரும் வழியில் விமானத்திலேயே அவர்களிடம் வாக்கு வாங்கியாகிவிட்டது. எதுவரைக்கும்? மறுநாள் பிற்பகல் 3 மணி வரைக்கும். ஏறக்குறைய 36 மணி நேரம்! படை வீரர்களின் உயிரைக் காக்கவா இந்த மௌனம்? இல்லை ஐயா. பெர்லினில் சோவியத் தளபதி முன்னால் இன்னொரு கையெழுத்து ஆக வேண்டும், மூன்று தலைநகரங்களும் ஒரே நேரத்தில் அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு.

மே 7 பிற்பகல் 2 மணியளவில், ஜெர்மன் அரசு கடைசியாக ஒதுங்கியிருந்த ஃபிளென்ஸ்பர்க் நகரின் வானொலியில் ஜெர்மன் அமைச்சரே சரணடைந்ததைச் சொல்லிவிட்டார். எதிரியே சொன்ன பிறகு நமக்கென்ன ரகசியம் என்று ஏ.பி. எனப்படும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர் எட்வர்ட் கென்னடி ராணுவத் தொலைபேசி வழியே லண்டனுக்குச் செய்தி கொடுத்தார். அவருக்கு வேலை போயிற்று. ஏ.பி. அதற்காக மன்னிப்புக் கேட்டது 2012இல். அவர் 1963லேயே இறந்துவிட்டார். இந்த ஒருவரையும் எதிரணி சொந்தம் கொண்டாட முடியாது. அவர் வானொலிக்காரர் அல்லர், செய்தி நிறுவனத்துக்காரர்.

பி.பி.சி. என்ன செய்தது? இரவு 7.40க்கு ஒரு பியானோ நிகழ்ச்சியை நிறுத்தி, நாளை வெற்றி நாள், விடுமுறை, பிற்பகல் 3 மணிக்குப் பிரதமர் அறிவிப்பார் என்றது. அறிவிப்பு வரப்போகிறது என்பதற்கு ஓர் அறிவிப்பு! இதைவிட நல்ல தண்டோரா உண்டா?

அடுத்துப் பேசுகிற நண்பர் கோம்ப்ரிச்சைக் கொண்டுவருவார், தெரியும். பின்னாளில் கலை வரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச் அப்போது வெளிநாட்டு வானொலிகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் பி.பி.சி.யின் ஒட்டுக்கேட்பு நிலையத்தில் வேலை பார்த்தார். மே 1 இரவு ஜெர்மன் வானொலி முக்கிய அறிவிப்பு வருகிறது என்று சொல்லிவிட்டு இசையமைப்பாளர் ப்ரூக்னரின் ஏழாம் சிம்ஃபொனியிலிருந்து மெதுவான பகுதியை வாசிக்கிறது. அந்தப் பகுதி இன்னொரு இசையமைப்பாளர் வாக்னரின் மறைவையொட்டி எழுதியது என்று கோம்ப்ரிச்சுக்குத் தெரியும். ஹிட்லர் செத்துவிட்டான் என்று ஊகித்து, வரக்கூடிய செய்திகளைச் சின்னச் சின்னத் துண்டுச்சீட்டுகளில் முன்கூட்டியே எழுதிவைத்தார். அறிவிப்பு வந்ததும் சரியான சீட்டைக் காட்டினால் போதும், லண்டனுக்குத் தொலைபேசி போய்விடும். அபாரமான மூளை! ஆனால் நடுவர் அவர்களே, அவர் கேட்டது எதை? இன்னொரு அரசின் தண்டோராவை. அந்தத் தண்டோரா சொன்னது என்ன? ஹிட்லர் அன்று பிற்பகல் கடைசி மூச்சுவரை போரிட்டு மாண்டார் என்று. நாளும் பொய், விதமும் பொய். முந்தைய நாளே தற்கொலை செய்துகொண்டான். 'ஜெர்மன் வானொலி அறிவித்தது' என்று பொறுப்பை அங்கேயே வைத்து பி.பி.சி. சொன்னது நேர்மைதான், பாராட்டுகிறேன். ஆனாலும் அந்த நிமிடத்தில் கையிலிருந்த சரக்கு அவ்வளவுதான்.

மாஸ்கோவுக்கு அதிக நேரம் வேண்டாம். 1941 ஜூனிலேயே மக்களிடமிருந்த வானொலிப் பெட்டிகளை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது சுவரில் கம்பி வழியே பேசும் ஒலிபெருக்கி. நிலையம் மாற்றத் திருகே கிடையாது. மே 9 அதிகாலை 2.10க்கு மாஸ்கோ வானொலி அறிவிப்பாளர் லெவிதான் வாசித்தபோதுதான் அவர்களுக்குப் போர் முடிந்தது.

இனி ஜப்பான். எங்கள் கட்சிக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

ஆகஸ்ட் 14 இரவு 11.30 மணியளவில் ஜப்பான் வானொலியான என்.எச்.கே.யின் பொறியாளர்கள் அரண்மனைத் துறைக் கட்டடத்துக்குள் ஒலிப்பதிவுக் கருவிகளோடு காத்திருக்கிறார்கள். போரை முடிக்கும் உரையைப் பேரரசர் வாசிக்கிறார், தட்டில் பதிகிறது. குரல் தாழ்ந்துவிட்டது என்று அவரே சொல்லி மறுபடி வாசிக்கிறார். இரண்டாவதில் ஒரு சொல் விட்டுப்போகிறது. மூன்றாவது முறை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். அன்றிரவே சரணடைவதை எதிர்த்துக் கலகம் செய்த இளம் ராணுவ அதிகாரிகள் அந்தத் தட்டுகளைத் தேடி அறை அறையாகக் குடைகிறார்கள், கிடைக்கவில்லை. விடியற்காலையில் கலகத் தலைவர் மேஜர் ஹதனாகா என்.எச்.கே.க்கே வந்து, என்னைப் பேச விடு என்று அறிவிப்பாளர் தாதெனோவிடம் துப்பாக்கியை நீட்டுகிறார். தாதெனோ சொன்ன பதில் என்ன தெரியுமா? விமானத் தாக்குதல் எச்சரிக்கை இருக்கிறது, கிழக்குப் படைத் தலைமையகத்தின் அனுமதி இல்லாமல் ஒலிபரப்ப முடியாது என்றார். நெற்றிக்கு நேரே துப்பாக்கி இருக்கும்போதும் விதிமுறை பேசிய துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த விதிமுறை யாருடையது?

காலை 7.21க்கு அதே தாதெனோ, நண்பகலில் பேரரசர் பேசுவார், எல்லோரும் கேட்க வேண்டும் என்று அறிவிக்கிறார். பகலில் மின்சாரம் இல்லாத ஊர்களுக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் மின்சாரம் விட ஏற்பாடு. டிரான்ஸ்மிட்டரின் வழக்கமான சக்தி 10 கிலோவாட், அன்று 60. நண்பகலில் அறிவிப்பாளர் வாதா எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்கிறார். நாட்டுப் பண், தட்டு, மறுபடி நாட்டுப் பண். உரை ஐந்து நிமிடம்கூட இல்லை. அரசவை நடை, அதன்மேல் இரைச்சல். பலருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதனால் வாதா அதையே திரும்ப வாசித்து, மற்ற விவரங்களையும் சொல்லி முடிக்க மொத்தம் 37½ நிமிடம். இதில் செய்தியாளர் கேட்ட ஒரு கேள்வி உண்டா? நேரில் பார்த்து எழுதிய ஒரு வரி உண்டா?

அரசு சொல்லும்வரை காத்திருந்ததே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் 12 இரவு, ஜப்பான் ஒப்புக்கொண்டது என்று அமெரிக்கச் செய்தி நிறுவனமான யுனைடெட் பிரஸின் கம்பியில் ஓர் அவசரச் செய்தி ஓடியது. சில நிமிடங்களில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சில ஊர்களில் மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். காத்திருக்க நியாயம் இருந்தது, சரி. ஆனால் நியாயமாகக் காத்திருந்தாலும் தண்டோரா தண்டோராதான்.

அடுத்து வரும் நண்பர் ஒன்றே ஒன்றைக் காட்டட்டும். மே 7 காலையிலிருந்து ஆகஸ்ட் 15 நண்பகல் வரை, எந்த அரசும் வாய் திறக்கும் முன்னால், தன் செய்தியாளர் கண்ணால் கண்டதை மட்டும் நம்பி, 'போர் முடிந்தது' என்று சரியாகச் சொன்ன ஒரு வானொலி ஒலிபரப்பு. காட்டிவிட்டால் எங்கள் அணி இப்போதே எழுந்துகொள்கிறது. தயவுசெய்து ஃபிளென்ஸ்பர்க்கை மட்டும் காட்டிவிடாதீர்கள், அங்கே பேசியவர் அமைச்சர்! நன்றி, வணக்கம்.