நின்றவுடன் சாவியில் கை வைக்காதீர்கள்

வணக்கம் நேயர்களே. விவசாய நேரத்தில் பேச வாருங்கள் என்று அழைத்த நிலையத்தார், எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று கேட்கவே இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். பழைய பெற்றோல் உழவு இயந்திரம்தான். அதிலும், நன்றாக ஓடிக்கொண்டிருந்துவிட்டு, காரணம் சொல்லாமல் வயல் நடுவில் நின்றுவிடும் இயந்திரம்.

ஊரில் நாம் கண்ட உழவு இயந்திரங்கள் பெரும்பாலும் டீசலில் ஓடியவை. வன்னியில் மெசின் நின்றால் பெற்றோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கை யாரும் கழற்றிப் பார்த்ததில்லை; டீசல் இயந்திரத்தில் அது கிடையாது. இங்கே ஒன்ராறியோவில் கதை வேறு. ரொறன்ரோவை விட்டு வடக்கே போய், ஒரு பழைய களஞ்சியத்தைத் திறந்தால், சாம்பல் நிறத் தகடும் சிவப்பு அடிப்பாகமுமாக ஒரு ஃபோர்ட் 8என் உள்ளே நிற்கக்கூடும். 1947 முதல் 1952 வரை செய்தார்கள். ஐந்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. நான்கு சிலிண்டர், ஆறு வோல்ட் பற்றரி, இயந்திரத்துக்கு மேலே பெற்றோல் தாங்கி. பம்ப் கிடையாது, பெற்றோல் தன் பாரத்திலேயே கீழே இறங்கி வர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த இயந்திரத்துக்கு ஒரு சண்டைக் கதை உண்டு. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து சிரிக்கிறார். இதை நான் சொல்லாமல் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் 1938இல் ஹென்றி ஃபோர்டைச் சந்தித்தார். உழவு இயந்திரத்தின் பின்னால் கலப்பையை மூன்று புள்ளிகளில் பூட்டி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறை பெர்குசனுடையது. இருவரும் கை குலுக்கினார்கள். ஒப்பந்தம் அவ்வளவுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை. 1947இல் ஃபோர்டின் பேரன் காலத்தில் உறவு முறிந்தது. பெர்குசன் வழக்குப் போட்டார். 1952இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குச் சமரசம் ஆனது. இதற்கிடையில் பெர்குசன் இங்கிலாந்தின் கொவென்றியில் டிஈ20 என்ற தன் சொந்த இயந்திரத்தைச் செய்விக்கத் தொடங்கியிருந்தார். எவரெஸ்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4ஆம் திகதி தென் துருவத்தைப் போய்ச் சேர்ந்தது அந்த இயந்திரங்களில்தான். சங்கிலித் தடம் மாட்டிய சின்ன உழவு இயந்திரம், அதுவும் பெற்றோலில் ஓடுவது! அந்தக் குளிரிலும் ஓடிய சாதி இது. நம் வயலில் அரை மணிக்கு ஒருமுறை நிற்கிறது என்றால், குற்றம் இயந்திரத்தின் பிறப்பில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இயந்திரம் நின்றால், உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தேநீர் குடிக்கவும் போகாதீர்கள். நின்ற பிறகு வரும் முதல் இரண்டு மூன்று நிமிடங்களில்தான் காரணம் அகப்படும்.

ஏன்? இப்படி நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, பெற்றோல் வந்து சேரவில்லை. மற்றது, ஸ்பார்க் இல்லை. பெற்றோல் வழியில் அடைப்பு என்றால், பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேற்றரின் கிண்ணம் வற்றி இயந்திரம் நிற்கும். நீங்கள் வீட்டுக்குப் போய் வருவதற்குள், துளித்துளியாகக் கசிந்து கிண்ணம் நிறைந்துவிடும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ஓடும். பற்றரி மின்சாரத்தை ஸ்பார்க் வரும் அளவுக்கு உயர்த்தும் கொயில் கெட்டிருந்தாலும் இதே நாடகம். 8என்னில் 1950 வரை வந்தவற்றில் கொயில் இயந்திரத்தின் முன்புறம், விசிறிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். நல்ல சூடு. பழுதான கொயில் சூடேறினால் உள்ளே கம்பி விட்டுப்போகும். ஆறினால் மறுபடி கூடும். அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்பவருக்கு இரண்டு நோயும் ஒன்றுபோலவே தெரியும். சந்தேகத்தில் கையில் அகப்பட்டதை எல்லாம் மாற்றத் தொடங்குவார்கள்.

ஹொலண்ட் மாஷ் பக்கம் காய்கறி செய்யும் ஒரு முதியவர் அப்படித்தான் மாற்றிக்கொண்டிருந்தார். பிளக் புதிது, கொயிலுக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் பொயின்ட் புதிது, கொயில் புதிது, கார்புரேற்றரும் புதிது. இயந்திரம் மட்டும் பழைய குணத்தை விடவில்லை. கரட் பாத்தியின் நடுவில் நிற்கும், அவர் திட்டித் தீர்த்து வீட்டுக்குப் போய் வந்தால் ஓடும். "ஐயா, அடுத்த முறை நிற்கும்போது ஒன்றையும் தொடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள்" என்றேன். "நீ வருவதற்குள் அது ஓடிவிடுமே" என்றார். நியாயம்தான். அதனால் ஒருநாள் அவர் உழ, நான் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

நின்றது. நின்ற விதத்தை முதலில் கவனித்தேன். விளக்கை அணைத்ததுபோல் ஒரேயடியாக நிற்கவில்லை. இருமி, தடுமாறி, மெல்ல அடங்கியது. அந்த இருமலின்போது, காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இழுக்கச் சொன்னேன். ஒரு கணம் உயிர் வந்தது, பிறகு போயிற்று. சோக்கை இழுத்தால் உயிர் வருகிறது என்றால் பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். சட்டென்று நின்றிருந்தால் நான் முதலில் ஸ்பார்க்கைத்தான் பார்த்திருப்பேன்.

அடுத்தது தாங்கியின் மூடி. கட்டிப்பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் வராது, காற்றுப் போக இரண்டாவது ஓட்டை வேண்டும் அல்லவா? மூடியில் உள்ள சிறு துவாரம் அந்த இரண்டாவது ஓட்டை. அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் இறங்காது. நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே போனால் காரணம் அகப்பட்டுவிட்டது. அன்று சத்தம் வரவில்லை.

பிறகு கார்புரேற்றரின் அடியிலுள்ள வடிகால் ஆணியைக் கழற்றினேன். முதலில் வருவது கிண்ணத்தில் கிடந்தது, அதை நம்பாதீர்கள். அதன் பிறகும் ஓட்டம் நிற்காமல் வர வேண்டும். அரை லீற்றர் டின் இரண்டு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். அன்று கொஞ்சம் வடிந்தது, பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தது, அதுவும் நின்றது. தாங்கிக்குக் கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது, வலையும் சுத்தம். அப்படியானால் அடைப்பு அதற்கும் மேலே, தாங்கிக்குள். குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். தாங்கிக்குள் குமிழி கிளம்பும் சத்தம், உடனே பெற்றோல் கொட்டியது. தாங்கியை முழுதாக வடித்துப் பார்த்தால், எப்போதோ துருவுக்கு எதிராக உள்ளே பூசிய பூச்சு உரிந்து, தபால் முத்திரை அளவில் ஒரு தோல். பெற்றோல் ஓடும்போது இழுபட்டு வந்து தாங்கியின் வாயில் ஒட்டிக்கொள்ளும்; ஓட்டம் நின்றால் விலகி மிதக்கும். எந்த நேரம் வந்து ஒட்டும் என்று யாருக்குத் தெரியும்? முதியவர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். புதிய கார்புரேற்றருக்குக் கொடுத்த பணத்தை நினைத்திருப்பார்.

ஒரு எச்சரிக்கை. புகைக்குழாய் அந்தப் பக்கம்தான் கொதித்துக்கொண்டிருக்கும். பெற்றோலை வாய் அகன்ற டின்னில் சிந்தாமல் பிடியுங்கள். சிகரெட் பிடிப்பவர் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

தாங்கியின் திருகிலும் ஒரு விஷயம் உண்டு. இரண்டு சுற்றுத் திறந்தால் வழக்கமான ஓட்டம். முழுதாகத் திறந்தால் அடியில் கிடக்கும் கையிருப்புப் பெற்றோல். எப்போதும் முழுதாகத் திறந்து வைப்பவர் அடிமண்டியையும் சேர்த்து இழுக்கிறார்.

நேரம் ஓடிவிட்டது, தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். ஸ்பார்க் பக்கத்தை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்குகிறேன். நின்றவுடன் பிளக் வயரில் ஸ்பார்க் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொயிலைக் குறை சொல்வதற்கு முன் சாவியின் பின்னால் உள்ள வயரை ஆட்டிப் பாருங்கள்; அதிர்வில் கழன்ற வயர் நிறையப் பேரை அலைய வைத்திருக்கிறது. ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக மாற்றியவர்கள், கொயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்க அதற்கேற்ற ரெசிஸ்டர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கொயில் வெந்துபோகும், எத்தனை புதிது போட்டாலும் வேகும். பற்றரி விஷயம்: தொழிற்சாலையிலிருந்து வந்த 8என்னில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு சேரும், இன்றைய காருக்கு நேர்மாறு.

புல்வெட்டியும் பனி அள்ளும் இயந்திரமும் வைத்திருப்பவர்களுக்கும் இதே முறைதான்: மூடி, ஓட்டம், ஸ்பார்க். பெற்றோலில் கலக்கும் எதனோல் ஈரத்தை இழுக்கும். மாரிக்கு ஓய்வு கொடுக்கும் முன் கார்புரேற்றர்க் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பொயின்ட்டின் இடைவெளி பற்றிச் சொல்ல... இல்லை, சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.