குவெட்லின்பர்க்கில் இரண்டு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

களிமண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜெர்மனியில் குவெட்லின்பர்க் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சந்தில் நின்று, ஒருவர் வீட்டுச் சுவருக்கு மண் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டியில் களிமண், நறுக்கிய வைக்கோல், தண்ணீர். மரச்சட்டங்களுக்கு நடுவே குச்சிகளை வரிச்சாகப் பின்னி, அதன்மேல் மண்ணைக் கையால் அப்பிக்கொண்டிருந்தார். நான் முப்பது வருடம் கட்டட வேலையில் இருந்தவன். சிமெண்ட் மணக்காத நாள் என் வாழ்க்கையில் குறைவு. அதனால் கால் நகரவில்லை. கூட வந்த மகளிடம், "ஏன் சிமெண்ட் பூசவில்லை என்று கேளம்மா" என்றேன்.

அவர் வேலையை நிறுத்தவே இல்லை. பூசிக்கொண்டே பதில் சொன்னார். மண் மரத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், பத்து இருபது வருடத்தில் ஓக் மரம் உளுத்துவிடும். அப்புறம் தொட்டியைக் காட்டினார். அது புது மண் இல்லையாம். அதே சுவரிலிருந்து உதிர்த்த பழைய மண்ணைத்தான் தண்ணீர் ஊற்றி மறுபடி பிசைந்திருக்கிறார். சுவரை இடித்தால் குப்பை மிஞ்சுவதில்லை, அடுத்த சுவருக்கு மண் கிடைக்கிறது. கொஞ்சம் எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தேன். நம் ஊர் மண்சுவரில் இருக்கிற அதே பிசுபிசுப்பு.

இந்த ஊரைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். ஜெர்மனி என்றால் பெர்லின், மியூனிக், ரைன் நதிப் படகு என்று போய்வந்துவிடுகிறோம். தவறில்லை. ஆனால் கையில் இரண்டு நாள் மிச்சமிருந்தால் குவெட்லின்பர்க்குக்குப் போங்கள். நாட்டின் நடுப்பகுதியில், ஹார்ட்ஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில், போடே ஆற்றங்கரையில் இருக்கிறது. சுமார் 24,000 பேர் வாழ்கிறார்கள். மரச்சட்ட வீடுகள் 2,000-க்கும் மேல். பழைய நகரத்தையும் கோட்டைக் குன்றையும் யுனெஸ்கோ 1994-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மகள் லைப்சிக்கில் இருக்கிறாள். அங்கிருந்து ஹாலே, ஹால்பர்ஸ்டட் வழியாக ரயில் மாறிப் போனோம். நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தே போய்விடலாம். ஆனால் தெரு முழுக்கக் கருங்கல் பாவியிருக்கிறது, சக்கரப் பெட்டியை இழுத்துப் போவது சிரமம். தோளில் மாட்டும் பையாக எடுத்துப் போங்கள். செருப்பு வேண்டாம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

வீடுகளை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் சொல்கிறேன். தெரியாமல் போனால் அரை மணி நேரத்தில் எல்லா வீடும் ஒன்றுபோலத் தெரியும். வோர்ட்காஸே என்ற தெருவில் மூன்றாம் எண் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பதினான்காம் நூற்றாண்டு வீடு, இப்போது மரச்சட்டக் கட்டடக்கலைக்கான அருங்காட்சியகம். அதில் தூண்கள் தரையிலிருந்து கூரை வரை ஒரே மரமாக ஓடுகின்றன. மாடிக்கென்று தனித் தூண் கிடையாது. அப்படிக் கட்ட எவ்வளவு நீளமான மரம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். பின்னால் வந்தவர்கள் முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு மாடியையும் தனிப் பெட்டி மாதிரி செய்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். குட்டையான மரமே போதும். மேல்மாடியைக் கொஞ்சம் தெருப்பக்கம் நீட்டியும் கட்டலாம். அதனால்தான் சில சந்துகளில் எதிரெதிர் வீடுகள் மேலே போகப்போக நெருங்கி வந்து, வானம் ஒரு ரிப்பன் அளவுக்குத் தெரிகிறது.

அப்படி நீட்டிய உத்திரத்தில்தான் தச்சர்கள் தங்கள் கைவரிசையைக் காட்டியிருக்கிறார்கள். விசிறியை விரித்த மாதிரிப் பூ, படகின் அடிப்பாகம் போலக் குடைந்த பள்ளம், தீயது அண்டாமலிருக்க ஐந்துமுனை நட்சத்திரம். பல வீடுகளில் வாசலுக்கு மேலே வீட்டைக் கட்டியவர் பெயரும் வருடமும் செதுக்கியிருக்கும். இன்னும் ஒன்றைத் தேடிப் பாருங்கள். மரங்கள் சேரும் இடங்களில் உளியால் கீறிய ரோமானிய எண்கள் இருக்கும். தச்சர்கள் சட்டங்களைத் தங்கள் முற்றத்தில் தரையில் கிடத்தி, அளவு பார்த்து அறுத்து, எது எதோடு சேரும் என்று எண் போட்டுவிடுவார்கள். பிறகு பிரித்து, இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஒரு மரத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, அடுத்ததன் துளையில் செருகி, மர ஆணி அறைவதுதான் இணைப்பு. ஒரு சந்தில் தலைக்கு மேலே அப்படி ஒரு கீறலைக் கண்டேன். ஏதோ ஒரு தச்சர் தனக்காகப் போட்டுக்கொண்ட குறிப்பு அது. வீட்டுக்காரர் பெயரைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சரி, கோட்டைக் குன்றுக்கு வருவோம். இந்த ஊரின் பெயர் எழுத்தில் முதலில் வருவது 922-இல். ஜெர்மன் அரசர் முதலாம் ஹைன்ரிக்குக்கு மிகவும் பிடித்த இடம் இது. 936-இல் அவர் இறந்ததும் இங்கேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய மனைவி மட்டில்டே கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு மடத்தை நிறுவி, முப்பது வருடம் தானே நடத்தினார். 966-இல் அவருடைய பேத்தி, அவர் பெயரும் மட்டில்டேதான், முதல் மடத்தலைவி ஆனார்.

மடம் என்றதும் உலகத்தைத் துறந்த இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வந்தவர்கள் அரச குடும்பத்துப் பெண்கள், பெரிய பிரபுக்கள் வீட்டுப் பெண்கள். படித்தார்கள், பிரார்த்தனை செய்தார்கள். விரும்பினால் வெளியே போய்த் திருமணமும் செய்துகொள்ளலாம். மடத்தலைவி ஒரு சிற்றரசியைப் போல. நிலம் அவருடையது, நாணயம் அடிக்கும் உரிமையும் அவருடையது. பேத்தி மட்டில்டே ஒருபடி மேலே போனார். 997-இல் பேரரசர் மூன்றாம் ஓட்டோ இத்தாலிக்குப் போனபோது, ஜெர்மனியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இந்த அத்தையிடம்தான் விட்டுப் போனார். மதச் சீர்திருத்தம் வந்தது, ஊர் புராட்டஸ்டண்ட் ஆனது, மடமும் புராட்டஸ்டண்ட் மடமாகத் தொடர்ந்தது. 1802-இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசு எடுத்துக்கொள்ளும் வரை, அதாவது 860 வருடங்களுக்கும் மேலாக, குன்றின்மேல் பெண்கள்தான் அதிகாரத்தில் இருந்தார்கள்.

ஊர்க்காரர்கள் எப்போதும் பணிந்து போனார்கள் என்றும் சொல்ல முடியாது. சந்தைச் சதுக்கத்தில், நகர மன்றத்துக்கு முன்னால் ரோலண்ட் என்ற வீரனின் கற்சிலை இருக்கிறது. ஜெர்மன் நகரங்களில் அது ஊரின் உரிமைக்கு அடையாளம். வணிகர்கள் செழித்து, மடத்துக்கு அடங்காமல் நிமிர்ந்த காலத்தில் வைத்தது. 1477-இல் மடத்தலைவி ஹெட்விக், தன் சகோதரர்களின் படையை வரவழைத்து ஊரை அடக்கினார். சிலையும் வீழ்த்தப்பட்டது. மறுபடி அது எழுந்து நின்றது 1869-இல். காலையில் அதன் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகள் இதைப் படித்துச் சொன்னாள். கிட்டத்தட்ட நானூறு வருடம் விழுந்து கிடந்த சிலை என்று தெரிந்தபிறகு அதன் முகமே வேறாகத் தெரிந்தது.

குன்றின்மேல் இருப்பது புனித செர்வாட்டியஸ் தேவாலயம். உள்ளே வளைவுகளைத் தாங்குவது தூண், தூண், பிறகு ஒரு சதுரக் கம்பம், மறுபடி தூண், தூண், கம்பம் என்ற வரிசை. அந்தத் தாளம் நடந்துபோகும்போதே உடம்புக்குப் புரிகிறது. நிலவறையில் ஹைன்ரிக், மட்டில்டே கல்லறைகள். அரசியின் கற்பெட்டி இருக்கிறது. அரசரின் எலும்புகளைக் காணோம். அதை நாஜிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். அரசர் இறந்து ஆயிரம் வருடம் ஆனது என்று 1936-இல் ஹிம்லர் இங்கே வந்து விழா எடுத்தார். அடுத்த வருடம் எலும்பு கிடைத்துவிட்டது என்று அறிவித்து, சடங்கோடு அடக்கமும் செய்தார். தேவாலயத்தைச் சபையாரிடமிருந்து பிடுங்கி, வழிபாட்டை நிறுத்தினார்கள். போருக்குப் பிறகு திறந்து பார்த்தால், அந்த எலும்புகள் அரசருடையவை அல்ல. இந்தப் பகுதியை அங்கே மறைக்காமல் சொல்கிறார்கள். அதற்காகவே அந்த ஊர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அதே தேவாலயத்தில் கருவூலம் இருக்கிறது. அதை அவசரமில்லாமல் பாருங்கள். பொன் எழுத்தில் எழுதிய ஒன்பதாம் நூற்றாண்டு நற்செய்தி நூல், மணி பதித்த அட்டை, தந்தத்தில் செதுக்கிய பேழை, அரசருடையது என்று சொல்லப்படும் சீப்பு. போரின்போது இவற்றைப் பத்திரமாக ஒரு குகையில் ஒளித்துவைத்தார்கள். 1945-இல் காவலுக்கு வந்த அமெரிக்கப் படையின் லெப்டினன்ட் ஜோ மீடோர் பன்னிரண்டு பொருட்களை எடுத்து, ராணுவத் தபாலிலேயே டெக்சாஸில் தன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். 1980-இல் அவர் இறந்தார். வாரிசுகள் விற்க முயன்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு, பேச்சுவார்த்தை, பணம் எல்லாம் முடிந்து 1993-இல் பத்துப் பொருட்கள் ஊர் திரும்பின. இரண்டு இன்னும் வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த நற்செய்தி நூல் அமைதியாக இருக்கிறது. தபால்பெட்டிக்குள் போய்க் கடலைத் தாண்டித் திரும்பி வந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

சரி, இத்தனை வீடுகள் எப்படித் தப்பின? போரில் இந்த ஊர் பெரிதாகக் குண்டு வாங்கவில்லை. ஆபத்து பிறகுதான் வந்தது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில், 1960-களில், பழைய ஊரின் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் புதுக் கட்டடங்கள் கட்டத் திட்டம் போட்டார்கள். பணம் இல்லாததால் அது நடக்கவில்லை. ஆனால் அதே பணமில்லாத நிலை வீடுகளை ஒழுகவும் விட்டது. பல வீடுகள் அப்படியே மக்கிச் சாய்ந்தன. சில இடங்களில் கான்கிரீட் வீடுகளும் முளைத்தன. கூரைச் சரிவையும் உயரத்தையும் பக்கத்து வீடுகளுக்குத் தோதாக வைத்திருக்கிறார்கள், அதனால் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். மரவேலை தெரிந்த போலந்து நாட்டுக் கைவினைஞர்கள் வந்து சில வீடுகளைச் சீர்செய்ததும் அந்தக் காலத்தில்தான். 1990-க்குப் பிறகு வேலை வேகம் பிடித்தது. நான் சந்தில் பார்த்த மண்பூச்சு அதன் தொடர்ச்சி. இன்னும் பலகை அடித்துப் பூட்டிய வீடுகளும் இருக்கின்றன.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைவிட்டு வர முடியாது. டோரோதேயா எர்க்ஸ்லேபன், 1715-இல் இங்கே பிறந்தவர். அப்பா மருத்துவர். அண்ணன் தம்பிகளோடு சேர்த்து மகளுக்கும் மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். பல்கலைக்கழகம் பெண்களுக்கு மூடியிருந்தது. பிரஷ்ய அரசர் பிரடெரிக்கிடம் முறையிட்டு அனுமதி வாங்கினார். ஐந்து குழந்தைகளோடு மனைவியை இழந்திருந்த ஒரு மதகுருவை மணந்து, தானும் நான்கு பெற்று, வீட்டைப் பார்த்துக்கொண்டே நோயாளிகளையும் பார்த்தார். பட்டமில்லாமல் வைத்தியம் செய்கிறாள் என்று உள்ளூர் மருத்துவர்கள் புகார் கொடுத்தார்கள். 1754-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் தேர்வில் தேறி டாக்டர் பட்டம் வாங்கிக் காட்டினார். ஜெர்மனியில் மருத்துவ டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். தரங்கம்பாடிக்கு வந்து பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு படித்த அதே ஹாலேதான் இது. இன்று ஊரின் மருத்துவமனைக்கு டோரோதேயாவின் பெயர்தான். அவர் பிறந்த வீட்டின் முன்னால் சைக்கிள் ஒன்று சாத்தியிருந்தது. நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

ஓவியம் பிடிக்கும் என்றால் ஃபைனிங்கர் காட்சிக்கூடத்தையும் விடாதீர்கள். நாஜிகள் வெறுத்த அந்த ஓவியர் 1937-இல் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது, அவர் படங்களை ஒளித்துவைத்துக் காத்தவர் இந்த ஊர் நண்பர் ஹெர்மன் கிளும்ப். ரயில் பிடிக்கும் என்றால் நிலையத்திலிருந்தே நீராவி எஞ்சின் இழுக்கும் குறுகிய பாதை ரயில் மலைக்குள் போகிறது. சாப்பாட்டுக்கு, சைவக்காரர்கள் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டி கேக்கையும் நம்பலாம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், தேவையானதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். டிசம்பரில் போனால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதிகளில் வீட்டு முற்றங்களையே திறந்துவிடுகிறார்கள். மற்ற நாட்களில் வெளியே நின்று எட்டித்தான் பார்க்க முடியும்.

கடைசி நாள் மாலை மூன்சன்பர்க் குன்றுக்கு ஏறினோம். கோட்டைக்கு எதிரே இருக்கும் சிறு குன்று. 986-இல் பேத்தி மட்டில்டே இங்கேயும் ஒரு மடம் நிறுவினார். பின்னால் அது கைவிடப்பட்டது. ஊருக்குள் இடம் கிடைக்காத பாட்டுக்காரர்களும் கூலிக்காரர்களும் இங்கே ஏறி வந்து, பாழடைந்த தேவாலயத்தின் சுவர்களுக்கு உள்ளேயும் மேலேயும் தங்கள் குட்டி வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். தேவாலயமே பல வீடுகளுக்குப் பங்காகிவிட்டது. சில நிலவறைகளை இப்போது அருங்காட்சியகமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். குனிந்து இறங்கினேன். ஆயிரம் வருடத்துக் கல்தூண் ஒன்று சில்லென்று நின்றது. தொட்டுக்கொண்டு நிற்கும்போது தலைக்கு மேலே பலகையில் யாரோ நடக்கும் சத்தம். நாற்காலி இழுபட்டது. அப்புறம் ஒரு குழந்தை ஓடியது.