கூரையை வெட்டினா கன்வெர்டிபிள் ஆயிடுமா? | 1966 பீட்டில், நாலாவது இஞ்சின் மூடி, ஒரு வழியா நேரா வந்துருச்சு

வணக்கம் மக்களே. முதல்ல இதைப் பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஃபோகஸ் ஆகுதா? இருங்க, பின்னாடி கையை வைக்கிறேன்... ஆங், இப்ப தெரியுது. வோக்ஸ்வாகன் பீட்டில் காரோட பிளாஸ்டிக் மாடலைக் கன்வெர்டிபிளா மாத்திக்கிட்டு இருக்கோம்ல, அதோட இஞ்சின் மூடி. அதுல குறுக்கால வரிவரியா தெரியுது பாருங்க, அதான் லூவர், காத்து போற திறப்பு. ஒவ்வொண்ணும் ஒரு மில்லி அகலம். நேத்து ராத்திரிதான் ஒட்டி முடிச்சேன். ஸ்கேல் வெச்சுப் பாத்தேன், நேரா இருக்கு! நாலாவது மூடி இது. மத்த மூணும் அந்த டப்பாவுல கிடக்கு. அதைப் பத்திப் பேசாம இன்னிக்கு வீடியோவை முடிக்க மாட்டேன்.

போன வீடியோவுல கிட்டைக் காட்டினதுல இருந்து ஒரே கேள்வி. "ரெவெல் கம்பெனியிலயே 1/24 அளவுல, அதாவது நிஜக் கார்ல 24-ல ஒரு பங்கு, பீட்டில் கேப்ரியோலே (கன்வெர்டிபிள்தான்) கிட் இருக்கே, அதை வாங்காம ஏன் இந்தப் பாடு?" இருக்கு, இல்லைங்கல. ஆனா அது 1970 மாடல். நமக்கு வேணுங்கறது 66. 66-ல ஹெட்லைட் ஃபெண்டர், அதாவது மட்கார்டு, சரிவோட சேந்து படுத்திருக்கும், மேல கண்ணாடி மூடி. 70-ல நிமிந்து நிக்கும். பம்பர் வேற, இஞ்சின் மூடியோட வளைவே வேற. அதையெல்லாம் மாத்தறதுக்கு டாமியா கம்பெனியோட 1966 வோக்ஸ்வாகன் 1300 பீட்டில் கிட்டை எடுத்துக் கூரையை மாத்தறது சுலபம். முன்பக்கம், ஓட்டை போட்ட ரிம்மு, தட்டையான வீல் கப், டாஷ்போர்டு எல்லாம் அப்படியே ஆகும். வேலை முழுக்க முன் கண்ணாடியில இருந்து பின்னாடிதான்.

இந்தக் காரை வோக்ஸ்வாகன்காரங்க அவங்க ஆலையில கூரையை அறுத்துப் பண்ணல. ஜெர்மனியில ஓஸ்னாப்ரூக் ஊர்ல கார்மன் கம்பெனி, 1949-ல இருந்து 1980 ஜனவரி வரைக்கும், மூணு லட்சத்துக்கு மேல கட்டினாங்க. கூரை போனா பாடி தொய்யும். அதனால அடியில ரெண்டு பக்கமும் தடிமனா இரும்பு, கதவுக்குப் பின்னாடி இருக்கற தூண்கிட்ட இரும்பு, கண்ணாடி ஃப்ரேம் தனி, கதவு ஜன்னல் தனி, பின் சீட்டு தனி. நம்மாளுங்க என்ன பண்றாங்க? ஹேக்ஸா எடுத்துக் கூரையை அறுத்துட்டு, கறுப்பா ஒரு பட்டியை உருட்டிப் பின்னாடி வெச்சுட்டு, கேப்ரியோலேங்கறாங்க. எனக்கு அதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது.

சரி, அளவு. பீட்டிலோட வீல்பேஸ் 2400 மில்லி. 24-ஆல வகுத்தா சுத்தமா 100 மில்லி. இதைவிட வசதி எந்தக் கார்லயும் கிடையாது. நேர் பக்கவாட்டுப் போட்டோ ஒண்ணு எடுத்து, முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் சரியா 100 மில்லி வர்ற மாதிரி பிரிண்ட் போடுங்க. அப்புறம் அந்தத் தாள்ல ஸ்கேல் வெச்சு அளக்கறது எதுவோ அதான் உங்க மாடல் அளவு. கணக்கே வேண்டாம். போட்டோ தூரத்துல நின்னு ஜூம் பண்ணி எடுத்ததா இருக்கணும். கிட்ட நின்னு எடுத்ததுல நடுப்பகுதி உப்பித் தெரியும், கூரை உயரம் மில்லிக் கணக்குல தப்பாயிடும்.

வெட்டறதுக்கு முன்னாடி பாடியைக் கட்டணும். கூரைதான் ரெண்டு பக்கத்தையும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அதை எடுத்த நிமிஷம் பக்கவாட்டு ரெண்டும் ஒரு மில்லி, ஒன்றரை மில்லி உள்ள வாங்கிக்கும், சேஸிஸ் உக்காராது. கிட்ல மிஞ்சின தடிமனான ஸ்ப்ரூவை, அதாவது பாகங்களைப் பிடிச்சுக்கிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டத்தை, வெட்டி, கதவுக்குக் கீழ ரெண்டு இடத்துல குறுக்குக் கட்டையா ஒட்டுங்க. பெயிண்ட் வேலை முடியற வரைக்கும் அது அங்கயே இருக்கட்டும்.

வெட்டறதுக்கு ரம்பம் வேண்டாம். கோடு கீறற ஸ்க்ரைபர், இல்லன்னா கட்டர் பிளேடோட முதுகு. மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு அடுக்கு ஒட்டி அதை விளிம்பா வெச்சுக்கிட்டு, லேசா இருபது இழுப்பு. அழுத்தினா பிளேடு வழுக்கி நேரா ஃபெண்டர்ல கோடு போடும். கோட்டுக்கு ஒரு மில்லி மேலயே வெட்டுங்க, மிச்சத்தை 400 நம்பர் உப்புத்தாள்ல தேச்சு இறக்கிக்கலாம்.

முன் கண்ணாடிதான் பாதிப் பேரு கோட்டை விடற இடம். கேப்ரியோலேவுல கண்ணாடி உயரம் குறைவு, மேல் விளிம்பு செடான் மாதிரி கூரைக்குள்ள வளைஞ்சு ஏறாது, தட்டையா முடியும். அதனால மேல் சட்டத்தைத் தனியா அறுத்து எடுத்துட்டு, ரெண்டு பக்கத் தூணையும் பிரிண்ட் அளவுக்குக் குட்டையாக்கி, 1.5 மில்லி பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்ல புதுச் சட்டம் போட்டேன். தூண் உள்ள 0.5 மில்லி ட்ரில்ல துளை போட்டுப் பித்தளைக் கம்பி விட்டிருக்கேன். கம்பி இல்லன்னா உடைஞ்சுரும், மாடலைக் கையில எடுக்கறவன் அந்தச் சட்டத்தைப் பிடிச்சுத்தான் எடுப்பான். கிட்டோட கண்ணாடி இதுக்குச் சேராது. 0.25 மில்லி PET பிளாஸ்டிக் ஷீட்ல, டேப்பை ஒட்டி அச்செடுத்து வெட்டிக்கோங்க. லேசான வளைவுதான், ஷீட்டு தானா வளைஞ்சு கொடுக்கும்.

கதவும் அதே கதைதான். செடான்ல கதவுக்கு மேல வரைக்கும் தகர ஃப்ரேம் சுத்தி வரும். கேப்ரியோலேவுல முன்னாடி சின்ன முக்கோண ஜன்னல், அதுக்கு ஒரு மெல்லிசான குரோம் தூண், அதோட சரி. பெரிய கண்ணாடிக்கு மேல சட்டமே கிடையாது. ஃப்ரேம் முழுக்க வெட்டணும். தூணுக்கு 0.6 மில்லி பித்தளைக் கம்பி, மேல குரோம் ஃபாயில். பின் பக்க ஜன்னலும் இறங்கற ஜன்னல்தான், அதையும் இறக்கியே காட்டுங்க, ஒரு தலைவலி மிச்சம்.

இப்ப லூவர். ஏன் லூவர்னு மொதல்ல. பீட்டில் இஞ்சினுக்குத் தண்ணி கிடையாது, காத்துதான். செடான்ல அந்தக் காத்து பின் கண்ணாடிக்குக் கீழ இருக்கற துளை வழியா உள்ள போகும். கேப்ரியோலேவுல மடிச்ச கூரை அந்த இடத்துலதான் வந்து உக்காரும். அப்ப காத்து எப்படிப் போறது? அதான் மூடியிலயே லூவர் வெட்டினாங்க. அதனால கிட் பாடியில கண்ணாடிக்குக் கீழ இருக்கற துளையெல்லாம் போகணும், மூடி மேல லூவர் வரணும். எத்தனை வரிங்கறது வருஷத்துக்கு வருஷம் மாறும், உங்க வருஷத்துப் போட்டோவைப் பாத்து எண்ணிக்கோங்க.

முதல் மூடி, 0.5 மில்லி ஷீட்டு, அது மேல அரைவட்ட ஸ்ட்ரிப். பிளாஸ்டிக் ஒட்டற லிக்விட் சிமெண்டைத் தாராளமா விட்டேன். அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் பாத்தா மூடியே அப்பளம் மாதிரி வளைஞ்சு கிடக்கு. சிமெண்ட் பிளாஸ்டிக்கைக் கரைச்சுத்தான் ஒட்டும், மெல்லிசு ஷீட்டுல அது உள்ள தங்கிட்டா காயக் காய இழுக்கும். ரெண்டாவது, சூப்பர் க்ளூ. வெச்ச இடத்துல பிடிச்சுக்கும், நகத்த முடியாது. மூணாவது வரியிலயே கோணலாச்சு. போதாததுக்குச் சுத்தி வெள்ளையாப் பூத்துருச்சு. மூணாவது நல்லா வந்துச்சு மக்களே, அதுதான் வயித்தெரிச்சல். ஸ்ப்ரே கேன் ப்ரைமரைக் கிட்ட இருந்து அடிச்சேன், வரி எல்லாம் மூடிக்கிட்டு ஒரே மொழுக்கட்டை.

நாலாவதுக்கு என்ன பண்ணேன்னா... இருங்க, ஒண்ணு விட்டுட்டேன். ஷீட்டை முதல்லயே வளைக்கணும். லூவர் ஒட்டிட்டு வளைச்சா பட்டு பட்டுனு தெறிக்கும். ஒரு பைப்புல ஷீட்டைச் சுத்தி டேப் போட்டுக் கொதிக்கற தண்ணியை ஊத்தி, ஆறின அப்புறம் பிரிங்க. கொஞ்சம் விரியும், அதனால தேவையானதைவிடச் சின்னப் பைப்பா எடுங்க. பக்கவாட்டு லேசான வளைவைப் பட்டி வெச்சுத் தேச்சுத்தான் கொண்டுவரணும், தண்ணியில வராது.

அப்புறம் இடைவெளி. 0.6 மில்லி பித்தளைப் பட்டையைத் துண்டு துண்டா நறுக்கிக்கிட்டேன். ஒரு ஸ்ட்ரிப், ஒரு பித்தளை, ஒரு ஸ்ட்ரிப், ஒரு பித்தளைன்னு அடுக்கி, ஒவ்வொரு ஸ்ட்ரிப்போட ஒரு முனையில மட்டும் ஊசி முனையளவு சிமெண்ட். பத்து நிமிஷம் விட்டுப் பித்தளையை உருவிட்டு, மெல்லிசு பிரஷ்ஷால மறுமுனையில ஒரு தொடு. தானா உறிஞ்சிக்கும். பித்தளை உள்ள இருக்கறப்ப அந்த ஊசி முனையளவுக்கு மேல சிமெண்ட் விடாதீங்க, அதுக்கடியில பரவி ஷீட்டைக் கறைப்படுத்திரும். ஒருநாள் காய விட்டு, வாய் திறந்த பக்கம் எதுன்னு போட்டோல பாத்து, அந்த விளிம்புல ஸ்க்ரைபரை ஒரே ஒரு இழுப்பு. அந்த நிழல்தான் லூவர். ப்ரைமரை ஏர்பிரஷ்ல, நல்லா இளக்கி, ரெண்டு கோட்டு.

விலையைக் கேளுங்க. அரைவட்ட ஸ்ட்ரிப் ஒரு பாக்கெட் 520 ரூபாய், தபால் 180. பாக்கெட்ல நாலே நாலு குச்சி! மூடிக்குத் தேவை மொத்தமா ஒன்பது, பத்து சென்டிமீட்டர். ஒரு குச்சியில மூணு மூடி பண்ணலாம். மிச்சம் மூணு குச்சியை வெச்சு நான் என்ன பல்லா குத்தறது? அதுவும் ஒண்ணு உடைஞ்சுதான் வந்துச்சு. 700 ரூபாய் மக்களே, பத்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக்குக்கு. சரி விடுங்க. விடல, இருந்தாலும் விடுங்க.

மடிச்ச கூரைக்கு வருவோம். நிஜக் கார்ல அது மெல்லிசுத் துணி இல்ல. மேல ஒரு துணி, நடுவுல பஞ்சு மாதிரி அடைப்பு, உள்ள ஒரு துணி, பின்னாடி நிஜக் கண்ணாடி. அதனால மடிச்சா குழந்தை வண்டிக் கூரை மாதிரி பின்னாடி மேட்டா நிக்கும், ஓட்டறவங்களுக்குப் பின்னாடி பாக்கறதே கஷ்டம். அந்த மேடு இல்லாம தட்டையா வைக்கறவங்க ஹெப்முல்லர் பண்ணிக்கோங்க. அது பீட்டில்லயே இன்னொரு வகைக் கன்வெர்டிபிள், அதுல கூரை உள்ள அடங்கிடும். எபாக்ஸி பட்டியில உருவம் பிடிச்சு, காஞ்ச அப்புறம் டிஷ்யூ பேப்பரைத் தனித்தனி அடுக்காப் பிரிச்சு, ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து மேல போத்துங்க. ஈரமா இருக்கறப்பவே குச்சியால மடிப்பு. மடிப்பு கூரையைத் தாங்கற கம்பிக்குக் கம்பி மட்டும் வரணும், கசக்கின கர்ச்சீப் மாதிரி எல்லா இடத்துலயும் வரக்கூடாது.

அந்தக் கூரைக் கம்பியெல்லாம் மடங்கிப் போக ரெண்டு பக்கமும் இடம் வேணும், அதனால பின் சீட்டு செடானைவிடக் குறுகல். நான் பக்கத்துக்கு 2 மில்லி வெட்டி எடுத்து, அந்த இடத்தை ஷீட்டால பெட்டி மாதிரி அடைச்சிருக்கேன். கூரை இல்லாத கார்ல எல்லாரும் எட்டிப் பாக்கறது அங்கதான்.

ஐயோ, அடிப்பக்கம் சொல்லவே இல்லையே. குறுக்குக் கட்டையைப் பத்திச் சொல்றப்பவே வந்திருக்கணும். கார்மன் போட்ட அந்த இரும்புக்கு, சேஸிஸ் அடியில ரெண்டு ஓரத்துலயும் 2 மில்லிக்கு 1 மில்லி ஸ்ட்ரிப், முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும். திருப்பிப் பாத்தா மட்டும்தான் தெரியும். திருப்பிப் பாக்கறவன் ஒருத்தனாவது இருப்பான், நானே அப்படித்தான் பாப்பேன்.

இன்னிக்கு மூடியைப் பாடியில வெச்சுப் பாக்கலாம்னு இருந்தேன், ப்ரைமர் இன்னும் கையில ஒட்டுது. தொடல. போன மாசம் தொட்ட மாதிரி இந்தத் தடவை தொட மாட்டேன்.